வெள்ளியைத் தேடி 11 ஆண்டுகள்

வெள்ளிக் கோளுக்கு விண்கலம் அனுப்பப் போகிறார்கள் என்று செய்தி வந்தால், அதன் பின்னாலேயே ஒரு கேள்வியும் வந்துவிடும். ஈயத்தையே உருக்கும் வெப்பம், அமில மேகங்கள், இரும்பையும் நசுக்கும் காற்றழுத்தம். அப்படிப்பட்ட இடத்துக்குப் போய் என்ன கிடைக்கப் போகிறது? இங்கே பூமியில் செய்ய வேண்டிய வேலை ஆயிரம் இருக்கிறதே? 2024 செப்டம்பரில் இந்திய அரசு தனது வெள்ளி ஆய்வுத் திட்டத்துக்கு 1,236 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது. அந்தத் தொகையைப் படிக்கும் எவருக்கும் இந்தக் கேள்வி தோன்றாமல் இருக்காது.

கேள்வி நியாயமானதுதான். ஆனால், புதியதல்ல. 260 ஆண்டுகளுக்கு முன்பே வெள்ளிக்காகத் தன் உடல்நலம், சொத்து, பதவி எல்லாவற்றையும் பணயம் வைத்த ஒருவர் இருந்தார். கடல் தாண்டிப் புதுச்சேரிக்கு வந்து, அங்கே தமிழர்களின் வானக் கணிதத்தையும் கற்றுக்கொண்டவர் அவர். பெயர் கியோம் லெ ஜென்டில். வானவியல் வரலாற்றிலேயே இவரைப் போல அதிர்ஷ்டம் கெட்டவர் இல்லை என்று பெயர் வாங்கிய பிரெஞ்சுக்காரர். அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், மேலே உள்ள கேள்விக்கு நாமே ஒரு விடை தேடிக்கொள்ளலாம்.

விடிவெள்ளியும் வெள்ளியும்

திகாம் பத்து, சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் பால் மரம் சீவிய தலைமுறைக்கு வெள்ளி புதிய பெயரல்ல. இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போனவர்கள் கிழக்கே பார்த்த விடிவெள்ளி அதுதான். சில மாதங்கள் விடியலில் கிழக்கே தெரியும். வேறு சில மாதங்கள் சூரியன் மறைந்த பின் மேற்கே தெரியும். நிலவுக்கு அடுத்தபடியாக இரவு வானில் அதிகமாக ஒளிர்வது வெள்ளியே. அளவில் பூமிக்கு மிக நெருக்கமானது. பூமிக்கு மிக அருகே வரும் கோளும் அதுதான்.

இப்படி எல்லார் கண்ணிலும் படும் கோளைப் பார்க்க ஒருவர் ஏன் உலகைச் சுற்ற வேண்டும்? காரணம், வெள்ளியை வைத்து வேறொன்றை அளக்க வேண்டியிருந்தது. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தூரம்தான் அது.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வானவியலாளர்களிடம் சூரியக் குடும்பத்தின் வரைபடம் ஒன்று இருந்தது. ஆனால், அதில் அளவுகோல் இல்லை. எந்தக் கோள் எந்தக் கோளைவிட எத்தனை மடங்கு தூரத்தில் இருக்கிறது என்று கெப்ளரின் விதிகளைக் கொண்டு சொல்ல முடிந்தது. அது எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரே ஒரு தூரம் தெரிந்துவிட்டால் போதும், மற்ற எல்லாத் தூரங்களும் தெரிந்துவிடும்.

அதற்கு வழி சொன்னவர் இங்கிலாந்தின் எட்மண்ட் ஹாலி. சில வேளைகளில் வெள்ளி, பூமிக்கும் சூரியனுக்கும் நேர் நடுவே வரும். அப்போது சூரியனின் முகத்தில் ஒரு சிறு கரும்புள்ளி மெதுவாக ஊர்ந்து போவதுபோல் தெரியும். கையை நீட்டிக் கட்டை விரலை ஒரு கண்ணால் பாருங்கள். பிறகு மறு கண்ணால் பாருங்கள். பின்னால் இருக்கும் சுவரில் விரல் இடம் மாறுவதுபோல் தெரியும். அதேபோல, பூமியின் வெவ்வேறு மூலைகளில் நின்று பார்த்தால் அந்தக் கரும்புள்ளி சூரியனில் சற்றே வெவ்வேறு பாதையில் போகும். உள்ளே நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் துல்லியமாகக் குறித்துக்கொண்டால், கணக்குப் போட்டுச் சூரியனின் தூரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். 1716ஆம் ஆண்டு ஹாலி இதை விரிவாக எழுதினார்.

சிக்கல் என்னவென்றால், இந்த வெள்ளி இடைநகர்வு அடிக்கடி வருவதில்லை. எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை வரும். பிறகு நூறு ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க வேண்டும். அடுத்த இரண்டு வாய்ப்புகள் 1761இலும் 1769இலும் இருந்தன. அவற்றைத் தன்னால் பார்க்க முடியாது என்று ஹாலிக்குத் தெரியும். 1742இல் அவர் இறந்துபோனார். வேலையை அடுத்த தலைமுறை எடுத்துக்கொண்டது.

இறையியல் படிக்க வந்தவர்

அந்தத் தலைமுறையில் ஒருவர்தான் லெ ஜென்டில். 1725 செப்டம்பர் 12ஆம் நாள் பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் கூத்தான்ஸ் என்ற ஊரில் பிறந்தார். பாரிசுக்கு அவர் வந்தது இறையியல் படிக்கத்தான். அங்கே டெலிஸ்ல் என்ற வானவியல் பேராசிரியரின் விரிவுரைகளைக் கேட்கப் போனார். அதோடு பாதை மாறிவிட்டது. பாரிஸ் வானாய்வகத்தில் சேர்ந்து பயிற்சி பெற்றார். 1749இல் ஆண்ட்ரோமேடா விண்மீன் மண்டலத்தின் அருகே உள்ள ஒரு சிறிய மண்டலத்தைக் கண்டுபிடித்தார். 1753இல் பிரெஞ்சு அறிவியல் அகாடமியில் உறுப்பினரானார். தன் முப்பதுகளில் நல்ல பெயரும் நிலையான வேலையும் உள்ள மனிதர்.

வெள்ளி இடைநகர்வைப் பார்க்க உலகின் பல மூலைகளுக்கு ஆட்களை அனுப்ப ஐரோப்பிய நாடுகள் முடிவு செய்தன. லெ ஜென்டிலுக்குக் கிடைத்த இடம் புதுச்சேரி. 1760 மார்ச் 26ஆம் நாள் பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறினார். இடைநகர்வுக்கு ஓராண்டுக்கும் மேல் அவகாசம் இருந்தது.

அப்போது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. கடலில் எந்தக் கப்பலுக்கும் பாதுகாப்பில்லை. அதே இடைநகர்வைப் பார்க்க இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட மேசன், டிக்சன் இருவரும் நமக்கு எதிர்க்கரையான சுமத்திராவின் பெங்கூலுவுக்கு வர வேண்டியவர்கள். அவர்களுடைய கப்பலைப் பிரெஞ்சுப் போர்க்கப்பல் தாக்கியதில் 11 பேர் இறந்தனர். அவர்களால் பெங்கூலுவுக்கு வர முடியவில்லை. தென்னாப்பிரிக்காவின் முனையில் நின்றே வெள்ளியைப் பார்த்தார்கள்.

முதல் ஏமாற்றம்

1760 ஜூலையில் லெ ஜென்டில் மொரீசியஸ் தீவை அடைந்தார். அன்று அது பிரெஞ்சுக்காரர்களின் கையில் இருந்தது. அங்கிருந்து இந்தியாவுக்குப் போகக் கப்பல் கிடைக்கவில்லை. புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தார்கள். காத்திருந்தபோது வயிற்றுக்கடுப்பு அவரைப் படுக்கையில் தள்ளியது. ஒருவழியாக 1761 மார்ச்சில் ஒரு போர்க்கப்பலில் இடம் கிடைத்தது. மே மாதக் கடைசியில் கேரளக் கரையில் உள்ள மாஹேயை நெருங்கியபோதுதான் செய்தி தெரிந்தது. மாஹேயும் புதுச்சேரியும் ஆங்கிலேயரிடம் விழுந்துவிட்டன. கப்பல் வந்த வழியே திரும்பியது.

1761 ஜூன் 6ஆம் நாள் வெள்ளி சூரியனைக் கடந்தபோது லெ ஜென்டில் இந்தியப் பெருங்கடலின் நடுவே இருந்தார். வானம் தெளிவாக இருந்தது. கரும்புள்ளியையும் பார்த்தார். ஆனால், ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் சரியாக ஓடாது. கப்பல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் துல்லியமாகக் குறிக்க முடியாது. இடமும் நேரமும் சரியாகத் தெரியாத அளவீட்டால் யாருக்கும் பயனில்லை.

இந்த இடத்தில் வீடு திரும்பியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அடுத்த இடைநகர்வுக்காக எட்டு ஆண்டுகள் இந்தக் கடல்களிலேயே தங்குவது என்று முடிவெடுத்தார்.

காத்திருந்த காலம்

எட்டு ஆண்டுகளும் அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. மடகாஸ்கரின் கிழக்குக் கரையை ஆராய்ந்து வரைபடம் தயாரித்தார். காற்று, அலை, கடல் நீரோட்டம், செடிகொடிகள், மக்களின் வாழ்க்கை என்று கண்ணில் பட்டதையெல்லாம் குறித்துவைத்தார்.

1769 இடைநகர்வைப் பார்க்க மணிலா பொருத்தமான இடம் என்று கணக்குப் போட்டு, 1766இல் அங்கே போய்ச் சேர்ந்தார். அங்கிருந்த ஸ்பானிய ஆளுநர் அவரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தார். இதற்கிடையே போர் முடிந்து, புதுச்சேரி மறுபடியும் பிரான்சிடம் வந்திருந்தது. அகாடமியும் அவர் அங்கே போவதையே விரும்பியது. 1768 மார்ச் 27ஆம் நாள், பிரான்சைவிட்டுக் கிளம்பி எட்டு ஆண்டுகள் கழித்து, தான் போக வேண்டிய ஊரில் கால் வைத்தார்.

ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய புதுச்சேரி அப்போதுதான் மீண்டு எழுந்துகொண்டிருந்தது. சோழமண்டலக் கரைக்கும் நம் கெடாவுக்கும் இடையே தமிழ் வணிகர்களின் கப்பல்கள் போய்வந்த காலம் அது. ஆளுநர் லா தெ லோரிஸ்டன் அவரை அன்போடு வரவேற்றார். பழைய கோட்டையின் இடிபாடுகள்மேல் அவருக்கு ஒரு வானாய்வகம் கட்டிக் கொடுத்தார். நேற்றுவரை எதிரிகளாக இருந்த ஆங்கிலேயர், சென்னையிலிருந்து ஒரு நல்ல தொலைநோக்கியை இரவல் அனுப்பினார்கள்.

அந்த ஓராண்டில் அவர் செய்த இன்னொரு வேலை நமக்கு முக்கியமானது. தமிழர்கள் கிரகணத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்று அவர் கற்றுக்கொண்டார். அவர்கள் சோழிகளைத் தரையில் அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக்கொண்டு கணக்குப் போட்டார்கள். எழுதிப் பார்க்கத் தாளும் இல்லை, புரட்டிப் பார்க்க அட்டவணையும் இல்லை. 1765 ஆகஸ்ட் 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை இந்த முறையில் கணித்தபோது, விடை உண்மையான நேரத்தைவிட 41 விநாடிதான் குறைவாக இருந்தது. அன்று ஐரோப்பாவின் மிகச் சிறந்ததாகக் கருதப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணைப்படி போட்ட கணக்கில் 68 விநாடி கூடுதலாக இருந்தது. இந்த வேறுபாட்டை லெ ஜென்டில் மறைக்கவில்லை. அப்படியே எழுதிவைத்தார். தமிழரின் வானக் கணிதத்தைப் பற்றி ஐரோப்பிய அறிஞர்கள் விரிவாக அறிந்துகொள்ள அவருடைய குறிப்புகள் உதவின.

இரண்டாம் ஏமாற்றம்

1769 ஜூன் 4. புதுச்சேரியில் சூரியன் உதிக்கும்போதே வெள்ளி அதன் முகத்தில் இருக்கும். காலை ஏறத்தாழ 7 மணிக்கு வெளியேறிவிடும். அந்த வெளியேற்றத்தைத் துல்லியமாகக் குறித்தால் போதும்.

புதுச்சேரிக்கு மழை பெரும்பாலும் அக்டோபருக்குப் பிறகுதான் வரும். மே, ஜூன் மாதக் காலைப்பொழுதுகள் பொதுவாகத் தெளிவாக இருக்கும். அந்த ஆண்டும் அப்படித்தான் இருந்தன. முந்தைய நாள் இரவில்கூட அவரும் ஆளுநரும் தொலைநோக்கியில் வியாழனின் நிலவுகளைப் பார்த்தார்கள். விடியும் நேரத்தில் காற்று கிளம்பியது. மேகம் வானத்தை மூடிக்கொண்டது. வெள்ளி சூரியனைவிட்டு வெளியேறும்வரை அந்த மேகம் விலகவே இல்லை. எல்லாம் முடிந்த பிறகு வானம் தெளிந்து, வெயில் அடித்தது. அவர் விட்டுவந்த மணிலாவில் அன்று காலை வானம் தெளிவாக இருந்ததாகப் பிறகு தெரிந்தது.

இரண்டு வாரங்களுக்கும் மேலாக அவரால் நாட்குறிப்பை எழுத முடியவில்லை. அடுத்த இடைநகர்வு 1874இல். அதற்கு இன்னும் 105 ஆண்டுகள்.

திரும்பிய பயணமும் எளிதாக இல்லை. மறுபடியும் வயிற்றுக்கடுப்பு. மொரீசியசிலிருந்து கிளம்பிய கப்பல் புயலில் சிதைந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது. கடைசியில் ஒரு ஸ்பானியக் கப்பலில் இடம் பிடித்து ஸ்பெயினை அடைந்தார். அங்கிருந்து தரைவழியாகப் பிரெனே மலையைக் கடந்து, 1771 அக்டோபரில் பிரெஞ்சு மண்ணை மிதித்தார். கிளம்பி 11 ஆண்டுகள் 6 மாதங்கள் ஆகியிருந்தன.

ஊரில் அவரை இறந்தவராகவே முடிவு கட்டியிருந்தார்கள். எழுதிய கடிதங்கள் வந்து சேராததால் உறவினர்கள் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். அகாடமியில் அவருடைய இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. தன் சொத்துக்காக நீதிமன்றம் போய் வழக்கில் தோற்றதோடு, வழக்குச் செலவையும் அவரே கட்ட வேண்டியதாயிற்று. அவருடைய மனைவி வேறு திருமணம் செய்துகொண்டதாகச் சிலர் கதை சொல்வதுண்டு. அது கட்டுக்கதை. அவர் திருமணம் செய்துகொண்டதே திரும்பி வந்த பிறகுதான். ஒரு பெண் குழந்தை பிறந்தது. அகாடமியிலும் பின்னர் இடம் கிடைத்தது. இந்தியக் கடல்களில் தான் மேற்கொண்ட பயணத்தைப் பற்றி 1779இலும் 1781இலும் இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். 1792 அக்டோபர் 22ஆம் நாள் காலமானார்.

பயன் இருந்ததா?

லெ ஜென்டில் என்ற ஒரு மனிதரை மட்டும் பார்த்தால் கணக்கு உதைக்கும். 11 ஆண்டுகள் செலவழித்து, வந்த வேலையில் ஓர் அளவீடுகூடக் கிடைக்கவில்லை.

ஆனால், அவர் தனியாகப் போகவில்லை. அந்த இரு ஆண்டுகளிலும் உலகெங்கும் நூற்றுக்கும் மேற்பட்டோர் வெள்ளியைப் பார்த்தார்கள். கேப்டன் குக் தஹித்தி தீவில் பார்த்தார். லெ ஜென்டிலின் நாட்டவரான ஷாப் மெக்சிகோவில் தெளிவாகப் பார்த்துக் குறித்தார். அடுத்த சில வாரங்களில் அங்கே பரவிய கொள்ளைநோயில் உயிரிழந்தார். அவருடைய குறிப்புகள் பாரிசுக்கு வந்து சேர்ந்தன. இப்படி வந்த அளவீடுகளையெல்லாம் சேர்த்து, சூரியன் ஏறத்தாழ 153 மில்லியன் கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதாக லாலாந்து 1771இல் கணக்கிட்டார். இன்று நமக்குத் தெரிந்த தூரம் 149.6 மில்லியன் கிலோமீட்டர். ஊசல் கடிகாரத்தையும் பித்தளைத் தொலைநோக்கியையும் வைத்து இவ்வளவு நெருங்கியது சாதாரண வேலையல்ல. எங்கே மேகம் மூடும் என்று முன்கூட்டியே தெரியாததால்தான் பல இடங்களுக்கு ஆள் அனுப்பினார்கள். அந்த ஏற்பாட்டில் ஒருவருடைய தோல்வி எல்லாருடைய தோல்வியாக ஆகவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மணிலாவை விட்டுப் புதுச்சேரிக்கு வந்தது தவறான முடிவா? அவருக்கு அன்று தெரிந்த தகவல்களை வைத்துப் பார்த்தால், அது சரியான முடிவுதான். சரியான முடிவுக்கும் சில வேளைகளில் தவறான விளைவு வரும். தேர்வு முடிவை மட்டும் வைத்து உழைப்பை எடைபோடும் நமக்கு இது உறைக்க வேண்டிய விஷயம்.

1761 இடைநகர்வில் எதிர்பாராத ஒரு பலனும் கிடைத்தது. வெள்ளியின் விளிம்பில் தெரிந்த ஒளியைக் கவனித்த ரஷ்யாவின் லொமோனோசோவ், அந்தக் கோளுக்கும் காற்று மண்டலம் உண்டு என்று முடிவு செய்தார். அந்தக் காற்று எவ்வளவு கொடியது என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் தெரிந்தது. சோவியத் ஒன்றியம் அனுப்பிய தொடக்கக் கலங்கள் இறங்கும் வழியிலேயே செயலிழந்தன. 1970இல் வெனேரா 7 தரையிறங்கி 23 நிமிடம் தகவல் அனுப்பியது. 1982இல் வெனேரா 13 அங்கே 127 நிமிடம் தாக்குப்பிடித்தது. தரையில் வெப்பம் சுமார் 465 பாகை செல்சியஸ். அழுத்தம் பூமியைப் போல 90 மடங்கு. காரணம், கரியமில வாயு நிறைந்த காற்று வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்திருப்பதுதான். வெள்ளியின் மேகங்களை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹான்சன்தான் பிறகு பூமியின் பக்கம் திரும்பி, 1988இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் புவி வெப்பமடைவதைப் பற்றி எச்சரித்தார். நெல்லையும் ரப்பரையும் நம்பி வாழ்ந்த கெடா மாநிலத்துக்கு, வெயிலும் மழையும் எப்படி மாறப்போகின்றன என்ற கேள்வி தொலைதூரக் கேள்வியல்ல.

லெ ஜென்டிலின் கதை நம் காலத்திலும் ஒருமுறை நடந்தது. 2010 டிசம்பரில் ஜப்பானின் அகாட்சுகி விண்கலம் வெள்ளியை நெருங்கியபோது இயந்திரம் பழுதாகி, கோளைத் தவறவிட்டது. ஐந்து ஆண்டுகள் சூரியனைச் சுற்றி வந்தது. 2015 டிசம்பரில், திசைதிருப்ப மட்டும் வைத்திருந்த சிறு உந்திகளை இயக்கி அதை வெள்ளியின் சுற்றுப்பாதையில் சேர்த்தார்கள். அந்த முறை மேகம் மூடவில்லை. காத்திருந்தது எந்திரம், யாருடைய உயிரும் போகவில்லை. பணம்தான் ஆபத்தில் இருந்தது.

ஆகவே, கொடிய கோளுக்குப் போவது தகுமா என்ற கேள்விக்கு என் விடை, தகும் என்பதுதான். ஆனால், மூன்று நிபந்தனைகளோடு. எந்திரம் செய்யக்கூடிய வேலைக்கு மனித உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. ஒரே முயற்சியில் எல்லாவற்றையும் கட்டிவைக்காமல், ஒன்று தோற்றாலும் வேலை தொடரும்படி பல நாடுகள் சேர்ந்து செய்ய வேண்டும். தோற்றுத் திரும்பியவரின் குறிப்புகளை வென்றவரின் குறிப்புகளைப் போலவே பாதுகாக்க வேண்டும். லெ ஜென்டில் தன் பங்கைச் செய்துவிட்டார். வெள்ளி கிடைக்காத 11 ஆண்டுகளில் மடகாஸ்கரின் கரையையும் தமிழரின் கிரகணக் கணக்கையும் உலகுக்குக் கொண்டுபோனார். அவரை அனுப்பிவைத்தவர்கள்தான் தங்கள் பங்கைச் சரியாகச் செய்யவில்லை. ஆபத்தான வேலைக்கு ஒருவரை அனுப்பும் சமுதாயம், அவர் வெறுங்கையோடு வந்தாலும் அவருடைய நாற்காலியை அவருக்காக வைத்திருக்க வேண்டும்.

அடுத்த வெள்ளி இடைநகர்வு 2117 டிசம்பரில் வரும். இந்தப் பக்கத்தைப் படிக்கும் நம்மில் அநேகமாக யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. தன் கணக்கின் விடையை ஹாலியும் பார்க்கவில்லை. அதனால் அந்தக் கணக்கு நின்றுவிடவில்லை.